யாருக்கும் சொந்தமில்லாத கட்டளைகள்: ரிஸ்க்-ஃபைவ் சிப்களும் அவற்றில் ஓடும் குட்டிப் போர்டுகளும்

புதிதாக வந்த ஒரு ஒற்றைப் பலகைக் கணினிக்கு மின்சாரம் கொடுத்துவிட்டு, அரை மணி நேரம் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு விளக்கு எரிகிறது. எச்டிஎம்ஐ கேபிள் சரியாகத்தான் செருகியிருக்கிறது. திரையில் மட்டும் ஒன்றுமே இல்லை. கடைசியில் யூஎஸ்பி சீரியல் கன்வெர்ட்டரை எடுத்து, மூன்று ஒயர்களைப் போர்டின் ஊசிகளில் மாட்டினேன். ஒன்று கிரவுண்டுக்கு. மற்ற இரண்டும் குறுக்காகப் போக வேண்டும்: இங்கே அனுப்புவது அங்கே வாங்குவதற்கு, அங்கே அனுப்புவது இங்கே வாங்குவதற்கு. டெர்மினலில் வேகத்தை 115200 என்று வைத்துவிட்டு மறுபடி சுவிட்சைப் போட்டேன். எழுத்துகள் கொட்ட ஆரம்பித்தன. முதலில் போர்டைக் கிளப்பும் மென்பொருளான யூ-பூட்டின் சின்னத் துண்டு ஒன்று, அப்புறம் சிப்புக்கும் இயங்குதளத்துக்கும் நடுவில் நிற்கும் ஓப்பன்எஸ்பிஐ, மறுபடி யூ-பூட், அதற்குப் பிறகு இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கெர்னல். போர்டு நன்றாகத்தான் இருந்திருக்கிறது. திரைக்குப் படம் அனுப்பும் டிரைவர்தான் நான் போட்ட இமேஜில் இல்லை.

உள்ளே நுழைந்ததும் பிராசஸர் விவரத்தைக் காட்டச் சொன்னேன். அதில் ஒரு வரி: ஆர்வி64ஐஎம்ஏஎஃப்டிசி. பார்ப்பதற்கு யாரோ கண்ணை மூடிக்கொண்டு தட்டச்சு செய்தது போல இருக்கும். ஆனால் அந்தப் போர்டால் என்ன முடியும், என்ன முடியாது, இன்னும் எத்தனை வருடம் அதற்குப் புது இயங்குதளம் கிடைக்கும் என்பதெல்லாம் அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது. ரிஸ்க்-ஃபைவ் போர்டு வாங்கும் பலர் ‘திறந்த தரநிலை’ என்ற சொல்லை நம்பி வாங்குகிறார்கள். எது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. அதனால் கொஞ்சம் அடியிலிருந்தே வருகிறேன்.

எந்த பிராசஸருக்கும் ஒரு மொழி உண்டு. கூட்டு, கழி, நினைவகத்திலிருந்து எடு, அங்கே வை, இந்த இடத்துக்குத் தாவு என்று அது புரிந்துகொள்ளும் கட்டளைகளின் பட்டியலும், ஒவ்வொரு கட்டளையும் எந்த பிட் வரிசையில் எழுதப்பட வேண்டும் என்ற விதியும் சேர்ந்ததுதான் கட்டளைத் தொகுப்பு. மென்பொருள் எழுதுபவருக்கும் சிப் வடிவமைப்பவருக்கும் நடுவில் இருக்கும் ஒப்பந்தம் என்று சொல்லலாம். ரிஸ்க்-ஃபைவ் அப்படிப்பட்ட ஒரு கட்டளைத் தொகுப்பு.

ஒரே ஒரு கட்டளையைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ரெஜிஸ்டர் என்பது பிராசஸருக்குள்ளேயே ஒரு எண்ணை வைத்துக்கொள்ளும் சின்ன இடம். ‘பத்தாம் ரெஜிஸ்டரில் இருக்கும் எண்ணோடு ஒன்றைக் கூட்டி, விடையை அதே ரெஜிஸ்டரில் வை.’ ரிஸ்க்-ஃபைவில் இது 32 பிட்டுகளாக இப்படி எழுதப்படும்:

000000000001 01010 000 01010 0010011

முதல் 12 பிட் கூட்ட வேண்டிய எண், அதாவது 1. அடுத்த ஐந்து பிட் எந்த ரெஜிஸ்டரிலிருந்து எடுப்பது என்று சொல்கிறது; 01010 என்றால் பத்து. அடுத்த மூன்று, செய்ய வேண்டியது கூட்டல் என்கிறது. மறுபடி ஐந்து பிட், விடை போய்ச் சேர வேண்டிய இடம். கடைசி ஏழு, இது கட்டளைக்குள்ளேயே எழுதியிருக்கும் எண்ணோடு செய்யும் கணக்கு என்கிறது. மொத்தத்தையும் ஹெக்ஸ் எண்ணாக எழுதினால் 00150513. உலகில் எங்கே எந்த நிறுவனம் செய்த ரிஸ்க்-ஃபைவ் சிப்பாக இருந்தாலும், 00150513 என்று கொடுத்தால் பத்தாம் ரெஜிஸ்டரில் ஒன்று கூட வேண்டும். தரநிலை என்றால் இதுதான்.

இதே வேலையை எக்ஸ்86 சிப்பும் செய்கிறது, ஆர்ம் சிப்பும் செய்கிறது. அவற்றின் கட்டளைகளுக்கு உரிமையாளர் உண்டு என்பதுதான் வேறுபாடு. எக்ஸ்86 மொழி பேசும் சிப்பைப் புதிதாக யாரும் நினைத்தவுடன் செய்துவிட முடியாது. இன்டெல், ஏஎம்டி என்று விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் செய்கிறார்கள். ஆர்ம் நிறுவனம் உரிமம் கொடுக்கும், ஆனால் பணம் கொடுத்து, ஒப்பந்தம் போட்டு, அதன் நிபந்தனைகளுக்குள் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தின் ஒரு வரியை இருவரும் இரண்டு விதமாகப் படித்தால் விஷயம் நீதிமன்றத்துக்குப் போகும். நுவியா நிறுவனத்தை வாங்கிய குவால்காம் மீது 2022-ல் ஆர்ம் வழக்குத் தொடுத்தது அப்படித்தான். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், பல்கலைக்கழக ஆய்வுக்கூடமோ பத்துப் பேர் இருக்கும் சின்ன நிறுவனமோ என்ன செய்யும்?

2010-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இருந்தவர்களுக்கும் இதே சிக்கல்தான். க்ரெஸ்தே அசனோவிச்சும் அவருடைய மாணவர்கள் யுன்சப் லீ, ஆண்ட்ரூ வாட்டர்மேனும் ஆய்வுக்காக ஒரு பிராசஸர் செய்ய வேண்டியிருந்தது. எக்ஸ்86 மிகச் சிக்கலானது, அதோடு உரிமமும் கிடைக்காது. ஆர்முக்கும் உரிமச் சிக்கல். 64 பிட் வடிவம் அப்போது அறிவிக்கப்படவே இல்லை. சரி, கோடை விடுமுறையில் மூன்று மாதத்தில் நாமே ஒன்றை எழுதிவிடலாம் என்று தொடங்கினார்கள். அதே வளாகத்தில் 1980-களின் தொடக்கத்தில் எளிய கட்டளைகளே போதும் என்ற ரிஸ்க் எண்ணத்தையே வளர்த்த டேவிட் பேட்டர்சனும் சேர்ந்துகொண்டார். பெர்க்லியில் பிறந்த ரிஸ்க் வடிவங்களில் இது ஐந்தாவது. அதனால்தான் பெயரில் ரோமன் ஐந்து. ஐந்தை எழுத்தாகப் படித்து ‘ரிஸ்க்-வீ’ என்று சொல்பவர்கள் நிறையப் பேர். சரியான உச்சரிப்பு ரிஸ்க்-ஃபைவ்.

மூன்று மாத வேலை நான்கு வருடம் இழுத்தது. நடுவில் நடந்த ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். பாடம் நடத்தும்போது வசதிக்கு ஏற்ப அவர்கள் கட்டளைகளை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். வகுப்புக்குச் சம்பந்தமே இல்லாத வெளியாட்கள், ஏன் இதை மாற்றினீர்கள் என்று குறைப்பட்டு எழுத ஆரம்பித்தார்கள். அவர்கள் எல்லாம் இதை நம்பி ஏற்கெனவே எதையோ செய்துகொண்டிருந்திருக்கிறார்கள்! இதற்கு வெளியே ஒரு பசி இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. 2014-ல் அடிப்படைக் கட்டளைகளை இனி மாற்றுவதில்லை என்று உறுதி செய்தார்கள். 2015-ல் அறக்கட்டளை ஒன்று அமைந்து, தரநிலை அதன் கைக்குப் போனது. 2020-ல் அந்த அமைப்பு ரிஸ்க்-ஃபைவ் இன்டர்நேஷனல் என்ற பெயரில் சுவிட்சர்லாந்துக்கு மாறியது. எந்த ஒரு நாட்டின் அரசியலும் தரநிலையின் கழுத்தைப் பிடித்துவிடக் கூடாது என்ற கவலைதான் காரணம்.

கட்டளைகளை இலவசமாகத் திறந்துவிடுவது ஒன்றும் புதிதல்ல. ஓப்பன்ரிஸ்க் 2000-லேயே தொடங்கியது. சன் நிறுவனம் ஒரு ஸ்பார்க் பிராசஸரின் முழு வடிவமைப்பையே வெளியிட்டது. ஐபிஎம் 2019-ல் பவர் கட்டளைத் தொகுப்பைத் திறந்தது. மிப்ஸ் என்ற இன்னொரு கட்டளைத் தொகுப்பின் கதைதான் பாடம். 2018 டிசம்பரில் திறக்கிறோம் என்று அறிவித்தார்கள். ஒரு வருடம்கூட ஆகவில்லை, 2019 நவம்பரில் மூடிவிட்டார்கள். 2021-ல் அந்த மிப்ஸ் நிறுவனமே ரிஸ்க்-ஃபைவுக்கு மாறிவிட்டது. ஒரு நிறுவனம் திறந்துவிட்ட கதவை அதே நிறுவனம் சாத்தவும் முடியும். ரிஸ்க்-ஃபைவின் கதவுக்குச் சாவியே யாரிடமும் கிடையாது. ஏற்கப்பட்ட ஆவணங்கள் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தும் உரிமத்தில் வெளியாகிவிட்டன, திரும்பப் பெற வழியில்லை.

இப்போது அந்த விநோத வரிக்குத் திரும்பலாம். ஆர்வி என்பது ரிஸ்க்-ஃபைவ். 64 என்பது ரெஜிஸ்டரின் அகலம். அடுத்து வரும் ‘ஐ’தான் அடித்தளம்: முழு எண் கணக்கு, நினைவகத்தில் எடுத்துவைப்பது, தாவுவது. 32 பிட் வடிவில் இந்த அடித்தளத்தில் இருப்பவை வெறும் 40 கட்டளைகள். ஒரு மாணவர் ஒரு வார இறுதியில் படித்து முடித்துவிடலாம். இதை மட்டும் வைத்தே ஒரு கம்பைலர், அதாவது நாம் எழுதும் நிரலைச் சிப்பின் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள், எந்த நிரலையும் உருவாக்கிவிடும். பெருக்கலைக்கூடக் கூட்டலாக உடைத்துச் செய்துகொள்ளும். மற்றதெல்லாம் விருப்பப்பட்டால் சேர்க்கும் நீட்சிகள். ‘எம்’ பெருக்கல் வகுத்தலுக்கு. ‘ஏ’ பல கோர்கள் (சிப்புக்குள் கட்டளைகளை நிறைவேற்றும் பகுதிகள்) ஒரே நினைவக இடத்தை அடித்துக்கொள்ளாமல் தொடுவதற்கு. ‘எஃப்’, ‘டி’ இரண்டும் தசம எண்களுக்கு.

‘சி’ எனக்குப் பிடித்த நீட்சி. அடிக்கடி வரும் கட்டளைகளை 32 பிட்டிலிருந்து 16 பிட்டாகச் சுருக்குகிறது. மேலே பார்த்த 00150513 சுருங்கினால் வெறும் 0505. எடுப்பதும் வைப்பதும் ஒரே ரெஜிஸ்டர்தானே, அதை எதற்கு இரண்டு முறை எழுத வேண்டும்? சிப் எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கிறது என்றால், கடைசி இரண்டு பிட்டுகளைப் பார்க்கிறது. 11 என்று முடிந்தால் முழு நீளம். வேறு எப்படி முடிந்தாலும் சுருக்கம். மேலே இருக்கும் நீண்ட வரியின் முடிவைத் திரும்பிப் பாருங்கள், 11 தெரியும். நிரலின் அளவு கால் பங்குக்கும் மேல் குறைகிறது. நினைவகம் சில கிலோபைட் மட்டுமே இருக்கும் சிப்களில் இது உயிர்நாடி.

அப்படியானால் திறந்தது எது? மூன்று அடுக்குகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மேலடுக்கு, கட்டளைத் தொகுப்பு. இது முழுக்கத் திறந்தது. நடு அடுக்கு, அந்தக் கட்டளைகளை நிறைவேற்றும் கோரின் வடிவமைப்பு. இது செய்பவர் விருப்பம். பெர்க்லியின் ராக்கெட், ஜூரிச்சின் ஈடிஎச்சில் தொடங்கிய சிவிஏ6, ஐஐடி மெட்ராஸின் சக்தி, சீன அறிவியல் கழகத்தின் சியாங்ஷான் எல்லாம் வடிவமைப்பையே வெளியிட்டிருக்கின்றன. சைஃபைவ் நிறுவனத்தின் யூ74 போன்ற கோர்களோ காசு கொடுத்து உரிமம் வாங்க வேண்டியவை, உள்ளே எப்படி இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. கீழடுக்கு, சிப்பில் கோரைச் சுற்றி இருக்கும் மற்ற பாகங்கள்: படம் வரையும் ஜிபியூ, வீடியோ பிரிப்பான், நினைவகக் கட்டுப்பாடு, யூஎஸ்பி. இவை பெரும்பாலும் மூடியவை. போர்டு வாங்கியவரைக் கறுப்புத் திரை முன்னால் உட்கார வைப்பதும் இந்த மூன்றாவது அடுக்குதான். ‘திறந்த பிராசஸர்’ என்று அட்டையில் போட்டிருப்பதைப் படித்து ஜிபியூவுக்கும் திறந்த டிரைவர் இருக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுகிறார்கள். தவறு அவர்களுடையது இல்லை. அட்டையில் எழுதுபவர்கள் இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

போர்டுகளின் கதை 2016 கடைசியில் ஆரம்பிக்கிறது. அசனோவிச், லீ, வாட்டர்மேன் மூவரும் தொடங்கிய சைஃபைவ், ஹைஃபைவ்1 என்ற போர்டை வெளியிட்டது. ஆர்டுயினோ அளவு, 16 கிலோபைட் நினைவகம். அதில் லினக்ஸ் ஓட்ட வழியில்லை, விளக்கை மினுக்கலாம். ஆனாலும் காசு கொடுத்து வாங்கக்கூடிய ரிஸ்க்-ஃபைவ் சிப் என்ற ஒன்று கைக்கு வந்துவிட்டது. 2018 ஜனவரியில் லினக்ஸ் கெர்னல் 4.15 ரிஸ்க்-ஃபைவைச் சேர்த்துக்கொண்டது. அடுத்த மாதமே ஹைஃபைவ் அன்லீஷ்டு வந்தது: 1.5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் நான்கு கோர்கள், துணைக்குச் சின்னதாக ஒன்று, 8 ஜிபி நினைவகம். லினக்ஸ் ஓடியது. திரை மாட்ட இடமே கிடையாது. கெர்னல் எழுதுபவர்களும் டெபியன், ஃபெடோரா பொதிகளைத் தொகுப்பவர்களும் வாங்கும் கருவி அது. சாதாரண ஆர்வலருக்கு எட்டாத விலை.

ஆர்வலர்களுக்கான போர்டு வரப்போகிறது என்ற நம்பிக்கை 2021 ஜனவரியில் பீகிள்-வி அறிவிப்போடு வந்தது. முன்மாதிரிகள் டெவலப்பர்களின் கைக்கே போய்ச் சேர்ந்துவிட்ட பிறகு, அதே வருடம் திட்டம் கைவிடப்பட்டது. அந்தச் சோதனையில் கற்றதெல்லாம் வீணாகவில்லை. பீகிள்-வியின் சிப்பைச் செய்த ஸ்டார்ஃபைவ் நிறுவனம் அடுத்த சிப்பான ஜேஎச்7110-ஐச் செய்தது. அதை வைத்து 2022-ல் கூட்டுநிதி திரட்டி விஷன்ஃபைவ் 2 போர்டை அறிவித்தார்கள். பின்னால் மில்க்-வி மார்ஸ் உட்படப் பல போர்டுகளில் இதே சிப் வந்தது. ஒரே சிப் பல போர்டுகளில் வருவது நல்லது. ஒருவர் எழுதும் டிரைவர் எல்லாருக்கும் உதவும், கெர்னலின் பொது மூலத்துக்குள் சீக்கிரம் போய்ச் சேரும். ஜேஎச்7110 விஷயத்தில் அப்படித்தான் நடந்தது. அதனால்தான் இன்றைக்கும் கற்றுக்கொள்ள வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தச் சிப்பைத்தான்.

வேகத்தைப் பற்றி நேர்மையாகப் பேச வேண்டும். ஜேஎச்7110-ல் நான்கு யூ74 கோர்கள், 1.5 கிகாஹெர்ட்ஸ். 2019-ல் வந்த ராஸ்பெர்ரி பை 4-லும் நான்கு கோர்கள், அதே 1.5 கிகாஹெர்ட்ஸ். எண்களைப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஓட்டிப் பார்த்தால் பை முந்துகிறது. காரணம் கட்டளைத் தொகுப்பில் இல்லை, கோரின் உள்வேலையில் இருக்கிறது. யூ74 கட்டளைகளை வந்த வரிசையிலேயே நிறைவேற்றும். நினைவகத்திலிருந்து ஒரு எண் வந்து சேரத் தாமதமானால், அந்த எண் தேவைப்படும் கட்டளை வழியை அடைத்துக்கொண்டு நிற்கும்; பின்னால் இருப்பவையும் நிற்க வேண்டியதுதான். பையில் இருக்கும் கார்டெக்ஸ்-ஏ72 அப்படிக் காத்திருக்காது. பின்னால் நிற்பவற்றில் யாரால் இப்போதே வேலை செய்ய முடியும் என்று பார்த்து, அதை முன்னே இழுத்துச் செய்துவிட்டு, விடைகளை மட்டும் சரியான வரிசையில் ஒப்படைக்கும். இதைச் செய்ய நிறைய டிரான்சிஸ்டர்களும், பல வருட வடிவமைப்பு அனுபவமும் தேவை. ரிஸ்க்-ஃபைவிலும் இப்படிப்பட்ட கோர்கள் உண்டு. லிச்சி பை 4ஏ-வில் இருக்கும் சி910 ஒன்று, ஹைஃபைவ் பிரீமியர் போர்டின் பி550 இன்னொன்று. ஆகவே, ‘ரிஸ்க்-ஃபைவ் மெதுவானது’ என்று யாராவது சொன்னால், எந்தக் கோர் என்று கேளுங்கள்.

என்னை உண்மையில் கவலைப்பட வைத்த விஷயம் வேகம் இல்லை, அவசரம். 2021-ல் ஆல்வின்னர் டி1 சிப் வந்தது. உள்ளே அலிபாபாவின் டி-ஹெட் பிரிவு செய்த சி906 கோர். ஒரே ஒரு கோர்தான், ஆனால் லினக்ஸ் ஓடும், அதுவரை இல்லாத அளவுக்கு மலிவு. அதில் வெக்டர் நீட்சியும் இருந்தது. ஒரே கட்டளையில் பல எண்களைச் சேர்த்துக் கணக்கிடும் வசதி அது. படம், ஒலி, மறையாக்கம், மொழி மாதிரிகள் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை. ரிஸ்க்-ஃபைவின் வெக்டர் வடிவமைப்பு அழகானது. ‘எனக்கு ஆயிரம் எண்கள் மிச்சம் இருக்கின்றன, ஒரு தடவைக்கு உன்னால் எத்தனை முடியும்?’ என்று நிரல் சிப்பைக் கேட்கும். 128 பிட் அகலம் உள்ள சிப் ஒரு எண்ணிக்கை சொல்லும், 256 பிட் உள்ளது அதைவிட இரு மடங்கு சொல்லும். நிரல் மாறவே வேண்டாம்.

ஆனால் அந்த நீட்சியின் இறுதி வடிவம் ஏற்கப்பட்டது 2021 நவம்பரில். டி-ஹெட் தன் கோரை அதற்கு முன்பே, 0.7.1 என்ற வரைவை வைத்துச் செய்து முடித்துவிட்டது. வரைவுக்கும் 1.0-க்கும் இடையே கட்டளைகளின் பிட் அமைப்பே மாறிவிட்டது. ஒன்றுக்காகக் கம்பைல் செய்த வெக்டர் நிரல் மற்றதில் ஓடாது. இத்தனைக்கும் சிப்பைக் கேட்டால் ‘என்னிடம் வெக்டர் இருக்கிறது’ என்றே சொல்லும். இந்தக் கோர்களின் வரைவு வடிவத்துக்காகப் பின்னால் கம்பைலரில் தனிப் பெயரில் தனி ஆதரவு எழுத வேண்டி வந்தது.

அதைவிட ஆழமான சிக்கல் ஒன்றும் டி1-ல் இருந்தது. நெட்வொர்க் சிப் போன்ற ஒரு சாதனம், வந்த தகவலை நேராக நினைவகத்தில் எழுதும். கோரோ அந்த இடத்தின் பழைய நகலைக் கேஷ் என்ற தன் சின்ன வேக நினைவகத்தில் வைத்திருக்கும். இரண்டையும் வன்பொருளே ஒத்திசைத்துவிட்டால் கவலையில்லை. டி1-ல் அந்த ஒத்திசைவு இல்லை. எனவே, ‘இந்தப் பகுதியைக் கேஷில் வைக்காதே’ என்று நினைவகப் பக்க அட்டவணையில் குறிக்க வேண்டும். அப்படிக் குறிக்கும் முறை தரநிலையில் அப்போது இல்லை. டி-ஹெட், எதிர்காலத்துக்காகக் காலியாக விடப்பட்டிருந்த மேல் பிட்டுகளை எடுத்துத் தன் விருப்பப்படி பயன்படுத்திக்கொண்டது. பின்னால் தரநிலை அதே பகுதிக்கு வேறு பொருள் கொடுத்தது. லினக்ஸ் கெர்னலில் இது வன்பொருள் பிழைகளுக்கான பிரிவில் சேர்ந்தது. கெர்னல் கிளம்பும்போது எந்த நிறுவனத்தின் கோர் என்று பார்த்து, தன் நிரலிலேயே சில கட்டளைகளை அந்த இடத்தில் மாற்றி எழுதிக்கொண்டு ஓடுகிறது. 2022-ல் 5.19 பதிப்பில் இது உள்ளே வருவதற்குள் நீண்ட விவாதம் நடந்தது. காலியாக இருக்கும் இடம் பொதுச்சொத்து. அதில் ஒருவர் வீடு கட்டிக்கொண்டால் ஊரே சுற்றிப் போக வேண்டியிருக்கும். அந்தச் சிப் வந்திருக்காவிட்டால் இத்தனை ஆயிரம் பேர் ரிஸ்க்-ஃபைவைத் தொட்டிருக்கவே மாட்டார்கள் என்பதும் உண்மைதான். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2024 ஆகஸ்டில் இன்னொரு அதிர்ச்சி. ஜெர்மனியின் சிஸ்பா ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் கோஸ்ட்ரைட் என்ற ஓட்டையை வெளியிட்டார்கள். சி910, சி920 கோர்களின் வெக்டர் பகுதியில், நினைவகத்தில் எழுதும் ஒரு கட்டளை பாதுகாப்பு அடுக்கைத் தாண்டி நேராக இயற்பியல் நினைவகத்தில் எழுதிவிடுகிறது. எந்த உரிமையும் இல்லாத சாதாரண நிரல் கணினியின் எந்த இடத்தையும் மாற்றிவிடலாம் என்று அர்த்தம். சிப்பிலேயே பதிந்துவிட்ட தவறு, திருத்த முடியாது. வெக்டர் நீட்சியையே அணைத்து வைப்பது ஒன்றுதான் வழி.

‘திறந்ததென்றால் இப்படித்தான் ஓட்டை இருக்கும்’ என்று அப்போது சிலர் பேசினார்கள். எனக்கு அது தலைகீழ் வாதமாகப் படுகிறது. ஓட்டை குறிப்பிட்ட கோர்களில், தரநிலையில் இல்லை. ஆய்வாளர்கள் அதைக் கண்டுபிடித்த விதத்தைப் பாருங்கள். ஒரே கட்டளைகளைப் பல நிறுவனங்களின் சிப்களில் ஓட்டி, யாருடைய விடை மற்றவர்களோடு ஒத்துப்போகவில்லை என்று பார்த்தார்கள். ஒரே விதிப்புத்தகத்தைப் பின்பற்றிப் பலர் சிப் செய்வதால்தான் அந்த ஒப்பீடு இவ்வளவு எளிதாக முடிந்தது.

நீட்சிகளை அவரவர் விருப்பம்போல் சேர்க்கலாம் என்ற சுதந்திரத்துக்கு ஒரு விலை உண்டு. உபுண்டு, டெபியன் போன்ற இயங்குதளங்கள் ஆயிரக்கணக்கான பொதிகளை ஒரு முறைதான் கம்பைல் செய்கின்றன. எந்தச் சிப்பிலும் ஓட வேண்டும் என்றால் எல்லாரிடமும் இருக்கும் குறைந்தபட்ச நீட்சிகளை மட்டுமே நம்பலாம். அப்படிச் செய்தால் வெக்டர் உள்ள சிப்பும் இல்லாததைப் போலவே ஓடும். இதற்குத் தீர்வாகத்தான் புரொஃபைல்கள் வந்தன: ‘இன்னின்ன நீட்சிகள் கட்டாயம்’ என்ற பட்டியலுக்கு ஒரு பெயர். ஆர்விஏ20, ஆர்விஏ22 என்று வந்து, 2024 அக்டோபரில் ஆர்விஏ23 ஏற்கப்பட்டது. இதில் வெக்டரும், மெய்நிகர் கணினிகளை ஓட்ட உதவும் ஹைப்பர்வைசர் நீட்சியும் கட்டாயம்.

உபுண்டு ஒரு துணிச்சலான முடிவை எடுத்தது. 2025 அக்டோபரில் வந்த 25.10 பதிப்பிலிருந்து ஆர்விஏ23 இருந்தால்தான் ஓடும். அதுவரை ஆர்வலர்கள் வாங்கியிருந்த போர்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஜேஎச்7110-ல் வெக்டர் இல்லை. 2024-ல் வந்த பனானா பை எஃப்3-ல் எட்டுக் கோர்களும் 1.0 வெக்டரும் உண்டு, ஹைப்பர்வைசர் இல்லை. எல்லாமே நீண்ட கால ஆதரவு உள்ள 24.04 பதிப்போடு நிற்க வேண்டியதுதான். வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத போர்டுக்கு இப்படியா என்று பலருக்கு வருத்தம். எனக்கும் இருந்தது. ஆனாலும் யோசித்துப் பார்த்தால், இந்தக் கோட்டை எப்போதாவது கிழித்தே ஆக வேண்டும். சிப்கள் கோடிக்கணக்கில் விற்ற பிறகு கிழிப்பதைவிட இப்போதே கிழிப்பது மேல். அதே நேரம் டெபியன் வேறு பாதையில் போனது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் ரிஸ்க்-ஃபைவ் முதல் முறையாக அதிகாரபூர்வ கட்டமைப்பாக இடம்பெற்றது. பழைய அடிப்படையையே வைத்துக்கொண்டதால் பழைய போர்டுகளிலும் அது ஓடும். ஒரு இயங்குதளம் முன்னால் ஓடுகிறது, இன்னொன்று பின்தங்கியவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறது. கட்டளைத் தொகுப்பு யாருக்கும் சொந்தமில்லை என்பதால்தான் இரண்டுமே சாத்தியம்.

லினக்ஸ் போர்டுகளில் இவ்வளவு இழுபறி நடக்கும்போது, சின்னச் சிப்களின் உலகில் ரிஸ்க்-ஃபைவ் சத்தமில்லாமல் பரவிவிட்டது. எஸ்பிரஸிஃப் நிறுவனத்தின் ஈஎஸ்பி32-சி3 வைஃபை சிப்பில் இருப்பது ரிஸ்க்-ஃபைவ் கோர். என்விடியா தன் ஜிபியூக்களுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டு மைக்ரோகன்ட்ரோலர்களை ரிஸ்க்-ஃபைவுக்கு மாற்றிவிட்டது. டபிள்யூசிஎச் நிறுவனத்தின் சிஎச்32வி003-ல் 2 கிலோபைட் நினைவகம்தான், ரெஜிஸ்டர்களின் எண்ணிக்கையைக்கூட 32-லிருந்து 16 ஆகக் குறைத்த வடிவம். இங்கெல்லாம் புரொஃபைல் சண்டை கிடையாது. ஒரு சிப், அதற்கென்றே எழுதிய ஒரு நிரல், அவ்வளவுதான். சுதந்திரம் இங்கே முழு லாபம்.

இவற்றில் நான் மேசையில் எப்போதும் வைத்திருப்பது ராஸ்பெர்ரி பை பிக்கோ 2. 2024 ஆகஸ்டில் வந்த அந்தப் போர்டின் ஆர்பி2350 சிப்பில் இரண்டு ஆர்ம் கார்டெக்ஸ்-எம்33 கோர்களும், இரண்டு ரிஸ்க்-ஃபைவ் கோர்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒரு நேரத்தில் இரண்டுதான் ஓடும், எது என்று சிப் கிளம்பும்போது தேர்ந்தெடுக்கலாம். அந்த ரிஸ்க்-ஃபைவ் கோரின் பெயர் ஹசார்ட்3. ராஸ்பெர்ரி பையின் பொறியாளர் லூக் ரென் தன் ஓய்வு நேரத்தில் வடிவமைத்து, மூலத்தையும் வெளியிட்டது அது. தசம எண்களுக்கான வன்பொருள் அதில் இல்லை, பக்கத்தில் இருக்கும் ஆர்முக்கு உண்டு. கணக்கு அதிகம் உள்ள வேலையில் வித்தியாசம் தெரியும். ஆனால் விளக்கை மினுக்கும் சின்ன நிரல் ஒன்றை எழுதி, ரிஸ்க்-ஃபைவுக்குக் கம்பைல் செய்து, வரும் கோப்பைப் பிரித்துப் பாருங்கள். எண்ணிக்கையை ஒன்று கூட்டும் இடத்தில் ரெஜிஸ்டர் பத்தாக அமைந்திருந்தால், 0505 என்று நிற்கும். அந்த நான்கு இலக்கங்களை எடுத்து, எப்படிப் பிரிக்கிறது, எந்த ரெஜிஸ்டரைத் திறக்கிறது என்று ஹசார்ட்3-ன் மூலத்தில் வரிக்கு வரி தேடிப் போகலாம்.

போர்டு வாங்க நினைப்பவர்கள் கோர்களின் எண்ணிக்கையை விட்டுவிட்டு மூன்று கேள்விகள் கேட்டால் போதும். லினக்ஸ் கெர்னலின் பொது மூலத்தில் அந்தச் சிப்புக்கு ஆதரவு சேர்ந்துவிட்டதா, அல்லது விற்பவர் கொடுக்கும் பழைய கெர்னல் மட்டும்தானா? வெக்டர் இருக்கிறது என்றால் அது 1.0-வா, வரைவா? ஆர்விஏ23 என்று எழுதியிருக்கிறதா? மூன்றாவதற்கு ஆம் என்று பதில் வரும் போர்டு கையில் கிடைக்கும் வரை, மின்சாரம் கொடுக்கும் முன் அந்த மூன்று ஒயர்களை மாட்டி வைத்துக்கொள்ளுங்கள்.